இருதய ஆபரேஷனும் மயக்க மருந்தும்: நம் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருதய ஆபரேஷன் முடிந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஐ.சி.யு-வில் 26 ஆண்டுகள் தாதியாக வேலை செய்தேன். பணி ஓய்வு பெற்று, மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பி வந்தபின், கோயிலில், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில், கிளினிக் பெஞ்சில் எங்கே உட்கார்ந்தாலும் யாராவது பக்கத்தில் வந்து, “மிஸ்ஸி, ஒரு சந்தேகம்” என்று தொடங்குகிறார்கள். தாதியை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். பெரும்பாலானவர்களின் பயம் கத்தியைப் பற்றியதாக இல்லை. தூங்க வைப்பதைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு பைபாஸ் அல்லது வால்வு ஆபரேஷன் என்றால் வழக்கமாக முதலில் ஈப்போ, அங்கிருந்து பினாங்கு, செர்டாங் அல்லது கோலாலம்பூரில் ஐ.ஜே.என். எனப்படும் தேசிய இருதய மருத்துவமனை என்று அனுப்புவார்கள். மயக்க மருந்து டாக்டரைப் பார்ப்பது பல சமயம் ஆபரேஷனுக்கு முதல் நாள்தான். பதற்றத்தில் கேட்க நினைத்தது மறந்துவிடும், சொல்ல வேண்டியதும் விட்டுப்போகும். அதற்காகவே இதைத் தொகுத்தேன். உங்கள் டாக்டர் இதற்கு மாறாக ஒன்றைச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் ரிப்போர்ட் அவர் கையில்தான் இருக்கிறது.

பியுஸ் கொடுக்கிறவர் டாக்டரா? ஊசி போட்டுட்டுப் போயிடுவாரா?

பியுஸ் என்றால் மயக்க மருந்து. அதைக் கொடுப்பவர் முழு டாக்டர். மருத்துவப் படிப்பை முடித்து, மயக்க மருந்துத் துறையில் மேலும் சில ஆண்டுகள் படித்து நிபுணர் ஆனவர். இருதய ஆபரேஷனுக்கென்று தனிப் பயிற்சி எடுத்தவர்களும் உண்டு.

ஊசி போட்டதும் அவர் போய்விடுவதில்லை. நான்கு ஐந்து மணி நேரம் ஆனாலும் மயக்க மருந்துக் குழு உங்கள் தலைமாட்டிலேயே இருக்கும். ரத்த அழுத்தம், மூச்சு, ரத்தத்தின் உப்புச் சத்து, உடல் சூடு எல்லாவற்றையும் நிமிடத்துக்கு நிமிடம் சரிசெய்வது அவர்கள் வேலை. அறுவை டாக்டர் இதயத்தைப் பார்க்கிறார். இவர் உங்களை முழுசாகப் பார்க்கிறார்.

முதுகுல ஊசி போட்டு மரத்துப் போக வெச்சுச் செய்ய முடியாதா? என் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தப்போ அப்படித்தானே செஞ்சாங்க?

நெஞ்செலும்பைத் திறந்து செய்யும் ஆபரேஷனுக்கு அது போதாது. நெஞ்சைத் திறக்கும்போது உங்கள் மூச்சை இயந்திரம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், உடம்பும் துளிகூட அசையக் கூடாது. அப்புறம், இந்த ஆபரேஷனில் ரத்தம் உறையாமல் இருக்க மிக அதிக அளவில் ஹெப்பாரின் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் முதுகுத் தண்டுக்குப் பக்கத்தில் ரத்தம் கசிந்தால் கால் செயலிழக்கும் ஆபத்து இருக்கிறது.

தொடை வழியாகக் குழாய் விட்டு வால்வு பொருத்தும் முறையில் சிலருக்கு லேசான மயக்கமே போதும். அது யாருக்குப் பொருந்தும் என்பதை டாக்டர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

தூங்க வெச்சா எழுந்திரிப்பேனா மிஸ்ஸி?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எல்லோருக்கும் குரல் இறங்கிவிடும். தயங்காமல் கேளுங்கள், டாக்டரிடமும் இதே வார்த்தைகளில் கேளுங்கள். இன்றைக்கு மயக்க மருந்து மட்டுமே காரணமாக ஒருவர் இறப்பது மிக அரிது. ஆபத்து எவ்வளவு என்பது உங்கள் இதயம் எவ்வளவு பலவீனமாக இருக்கிறது, சிறுநீரகம் எப்படி, வயது என்ன, இது அவசர ஆபரேஷனா என்பதையெல்லாம் பொறுத்தது. இவற்றை வைத்து ஆபத்தைக் கணக்கிட யூரோஸ்கோர் போன்ற முறைகள் இருக்கின்றன. “எனக்கு நூற்றுக்கு எவ்வளவு?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் உடனே எழுப்ப மாட்டார்கள். உடம்பு சூடேறி, ரத்தக் கசிவு குறைந்து, ரத்த அழுத்தம் நிலைக்கும்வரை சில மணி நேரம் வேண்டுமென்றே தூக்கத்தில் வைத்திருப்பார்கள். வெளியே காத்திருக்கும் குடும்பம், “இன்னும் கண் திறக்கலையே” என்று அழுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்தச் சில மணி நேரத் தூக்கம் சிகிச்சையில் ஒரு பகுதி.

ஓ.டி-க்குள்ள போனதும் என்னவெல்லாம் செய்வாங்க?

அறை குளிராக இருக்கும். போர்வை கேளுங்கள், தருவார்கள். பெயர், என்ன ஆபரேஷன், எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று மறுபடி மறுபடி கேட்பார்கள். சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். ஆள் மாறிப் போகாமல் இருக்கத்தான் அத்தனை முறை கேட்கிறார்கள்.

கையில் ஒரு ஊசிக் குழாய் போட்டு, மணிக்கட்டை மரக்க வைத்து, நாடித் துடிப்பு தெரியும் ரத்தக் குழாயில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகுவார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்த அழுத்தத்தைக் காட்டுவது இதுதான். பெரும்பாலும் விழித்திருக்கும்போதே நடக்கும். சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். பிறகு மாஸ்க்கில் ஆக்சிஜன், நரம்பில் மருந்து. பலவீனமான இதயத்துக்கு மருந்தை அவசரமாகக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்கள்.

மற்றதெல்லாம் நீங்கள் தூங்கிய பிறகு. வாய் வழியாக மூச்சுக் குழாய், கழுத்து நரம்பில் பெரிய குழாய், சிறுநீர்க் குழாய், உணவுக் குழாய்க்குள் இறக்கி இதயத்தைப் பின்பக்கமிருந்து பார்க்கும் ஸ்கேன். மறுநாள் தொண்டை கரகரப்பாக இருப்பதற்கும் கழுத்தில் ஒட்டுப் போட்டிருப்பதற்கும் இவைதான் காரணம்.

இதயத்தை நிறுத்திடுவாங்களாமே? அப்போ உயிர் எங்க இருக்கும்?

பொட்டாசியம் கலந்த குளிர்ந்த திரவத்தைச் செலுத்தி இதயத்தை அசையாமல் ஓய்வில் வைப்பார்கள். அந்த நேரத்தில் ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் அனுப்புவது இதய-நுரையீரல் இயந்திரம். அதை இயக்கவே தனியாகப் படித்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். 1953 மே 6-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்ற டாக்டர் 18 வயதுப் பெண் ஒருவருக்கு இந்த இயந்திரத்தைக் கொண்டு இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தார். வெற்றி பெற்ற முதல் ஆபரேஷன் அது.

வேலை முடிந்ததும் நல்ல ரத்தம் மறுபடி பாயும், இதயம் துடிக்கத் தொடங்கும். சில சமயம் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து எழுப்புவார்கள். எல்லா பைபாஸுக்கும் இதயத்தை நிறுத்துவதில்லை. துடிக்கும் இதயத்திலேயே செய்யும் முறையும் உண்டு.

நடுவுல முழிச்சுக்கிட்டா என்ன செய்றது?

அரிதாக நடந்திருக்கிறது. 2014-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இதயம் மற்றும் நெஞ்சு ஆபரேஷன்களில் சுமார் 8,600 பேரில் ஒருவர் இப்படிப் புகார் சொன்னதாகக் கணக்கிட்டார்கள். எல்லா ஆபரேஷன்களையும் சேர்த்தால் 19,000-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர். பலவீனமான இதயத்துக்கு மருந்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டியிருப்பதால் இருதய ஆபரேஷனில் இது அதிகம். நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி மூளையின் தூக்கத்தை அளக்கும் கருவியைப் பல இடங்களில் வைக்கிறார்கள்.

முன்பு எப்போதாவது உங்களுக்கு அப்படி ஆகியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். ஐ.சி.யு-வில் பாதி விழிப்பில் கேட்ட குரல்களை ‘ஆபரேஷன் நேரத்தில் கேட்டேன்’ என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. எதுவானாலும் மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் டாக்டரிடம் பேசுங்கள்.

காலையில ஒரு மைலோ குடிச்சா என்ன ஆகும்? பாவம், வயசானவங்க.

பால் கலந்த மைலோவும் தே தாரேக்கும் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். மயக்கத்தில் தொண்டையின் காவல் போய்விடுகிறது. வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குள் இறங்கும். பொதுவான விதி, சாப்பாடும் பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பு நிற்க வேண்டும். எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு இன்னும் அதிக நேரம். வார்டில் ‘நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் வேண்டாம்’ என்றால் அதன்படி நடங்கள்.

தெரியாமல் குடித்துவிட்டால் மறைக்காதீர்கள். திட்டுவார்களே என்று பயந்து ஒரு மகன் அதைச் சொல்லாமல் விட்டதையும், அப்பாவுக்கு நுரையீரலில் கிருமி தொற்றி மூன்று வாரம் படுத்துக் கிடந்ததையும் பார்த்திருக்கிறேன். சொல்லியிருந்தால் ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான்.

எந்த மருந்தை நிறுத்தணும், எதைச் சாப்பிடலாம்?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஏன் என்பதற்கு வழக்கமான சில உதாரணங்கள் சொல்கிறேன். ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோகிரல் பொதுவாக 5 நாளுக்கு முன் நிற்கும். அதே வேலையைச் செய்யும் வார்ஃபரினும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் வால்வு வைத்தவர்களுக்கு இடையில் வேறு ஊசி தேவைப்படலாம். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். பீட்டா பிளாக்கர் என்ற துடிப்பைக் குறைக்கும் மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் திடீரென நிறுத்தினால் கெடுதல். சில பிரஷர் மாத்திரைகளை அன்று காலை மட்டும் விடச் சொல்வார்கள்.

இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாப்பாகிளிஃப்ளோசின் போல ‘கிளிஃப்ளோசின்’ என்று பெயர் முடியும் மாத்திரைகளைக் குறைந்தது 3 நாளுக்கு முன் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பட்டினி இருக்கும்போது, சர்க்கரை சரியாகத் தெரிந்தாலும், ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்க கிளினிக்கில்) கொடுத்த எல்லா மாத்திரைப் பைகளையும் அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ‘வெள்ளை மாத்திரை, சின்னது’ என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

ஜாமு (மலாய் மூலிகை மருந்து), பூண்டு மாத்திரை எல்லாம் இயற்கைதானே? அதையும் சொல்லணுமா?

சொல்ல வேண்டும். பூண்டு, ஜின்செங், ஜிங்கோ, மஞ்சள் மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். ஒன்று இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். குழம்பில் போடும் பூண்டையும் மஞ்சளையும் பற்றிக் கவலை வேண்டாம். லேபிள் இல்லாமல் சந்தையில் விற்கும் ‘மூட்டு வலி மருந்து’ சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டுத் திடீரென விட்டால் ஆபரேஷன் நேரத்தில் ரத்த அழுத்தம் தாங்காது.

அப்பா தினமும் கொஞ்சம் குடிப்பார். டாக்டர்கிட்ட அதையெல்லாம் சொல்லணுமா? வெட்கமா இருக்கு.

இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள்.

தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் உடம்பு நடுங்கும், வியர்க்கும், வலிப்பும் வரலாம், ஆளே மாறி எழுந்து ஓடவும் பார்க்கலாம். நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருக்கும் ஒருவருக்கு அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முன்பே தெரிந்தால் தடுக்க மருந்து இருக்கிறது, வைட்டமின் பி1 ஊசி இருக்கிறது, தேவைப்பட்டால் ஆபரேஷனையே சில வாரம் தள்ளி உடம்பைத் தயார் செய்வார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் ரத்தம் உறைவதும் கெட்டிருக்கும், அதையும் பார்ப்பார்கள்.

நான் லயத்து வீட்டில் பிறந்தவள். கள்ளும் சம்சு என்ற மலிவுச் சாராயமும் நம் குடும்பங்களில் என்னவெல்லாம் செய்தன என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த வெட்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் மயக்க மருந்து டாக்டர் உங்கள் குடும்ப மானத்தை அளக்க அதைக் கேட்கவில்லை. எத்தனை கிளாஸ், என்ன சரக்கு, கடைசியாக எப்போது, இந்த மூன்றும் அவருக்கு எண்ணாகவே தேவை. அப்பா முன்னால் சொல்ல முடியாவிட்டால் வெளியே வந்து மிஸ்ஸியிடம் தனியாகச் சொல்லுங்கள். ‘எப்பவாவது’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சிகரெட்டை எப்போ நிறுத்தணும்?

இன்றைக்கே. நான்கு வாரம் கிடைத்தால் நுரையீரல் நன்றாகத் தேறும். ஒரே நாள் நிறுத்தினாலும் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடும்.

தாலியைக் கழட்டச் சொல்றாங்க. கழட்டாம இருக்க முடியாதா?

கழற்றித்தான் ஆக வேண்டும். தாலி கிடக்கும் இடத்தில்தான் வெட்டுகிறார்கள். ரத்தக் கசிவை நிறுத்தும் மின் கருவியால் உலோகம் பட்ட இடத்தில் தோல் வெந்து போகலாம். மோதிரம் அப்படியே இருந்தால் விரல் வீங்கி ரத்த ஓட்டம் நிற்கும். வீட்டிலேயே சாமி படத்துக்கு முன்னால் கணவரோ பெரியவர்களோ கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓ.டி. வாசலில் அவசரமாகக் கழற்றும்போது மனம் உடைந்துபோகிறது. மூக்குத்தி, மந்திரித்த கயிறு, பல் செட் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். கியூடெக்ஸையும் அழித்துவிடுங்கள், விரலில் ஆக்சிஜன் பார்க்க வேண்டும்.

ஆடும் பல் இருந்தால் டாக்டருக்குக் காட்டுங்கள். குழாய் போடும்போது அது விழுந்து நுரையீரலுக்குள் போய்விடலாம்.

குடும்பத்துல யாருக்கோ இருந்த வியாதியை எல்லாம் ஏன் கேட்கிறாங்க?

மயக்க மருந்தால் உடம்பு கொதிக்கும் ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு. அரிதுதான், ஆனால் உயிருக்கு ஆபத்து. உறவில் யாராவது ஆபரேஷன் மேசையில் காரணம் தெரியாமல் இறந்திருந்தால் சொல்லுங்கள். ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு இருப்பதாகப் பிறந்தபோது அட்டை கொடுத்திருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். ரத்த அழுத்தம் ஏறாமல் தாழ்ந்தே நிற்கும்போது கொடுக்கும் மெத்திலீன் நீலம் என்ற மருந்து அவர்களுக்கு ஆகாது. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வரும் என்றால், அதைப் பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல முடியும்.

பன்றி, மாடு எல்லாம் இதுல இருக்காமே? நாங்க சைவம்.

உண்மைதான். முன்பு சொன்ன ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. அதை முறிக்கக் கொடுக்கும் புரோட்டமின் சால்மன் மீனிலிருந்து வருகிறது. மீன் ஒவ்வாமை இருந்தால் அதனால்தான் கேட்கிறார்கள். இன்சுலாட்டார்ட், மிக்ஸ்டார்ட் போட்டுக்கொண்டவர்கள் அதையும் சொல்லுங்கள். அந்த இன்சுலினிலும் புரோட்டமின் இருப்பதால் சிலருக்கு உடம்பு எதிர்வினை காட்டலாம்.

வால்வு மாட்டின் இதய உறையிலோ பன்றி வால்விலோ செய்ததாக இருக்கலாம். மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் முன்பே அறுவை டாக்டரிடம் பேசுங்கள். உலோக வால்வு இருக்கிறது, ஆனால் ஆயுள் முழுக்க வார்ஃபரின் சாப்பிட வேண்டும். கையெழுத்துப் போடும் பாரம் மலாய் மொழியில் இருக்கும். புரியாவிட்டால் தமிழ் தெரிந்த ஒருவரை அழைக்கச் சொல்லுங்கள், கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

ஐ.சி.யு-வுல மாமாவோட கையைக் கட்டி வெச்சிருந்தாங்க. ஏன் இப்படிக் கொடுமை பண்றாங்க?

பாதி மயக்கத்தில் இருப்பவர் முதலில் பிடித்து இழுப்பது வாயில் இருக்கும் மூச்சுக் குழாயைத்தான். அதைத் தடுக்க மெத்தென்ற பட்டையால் கட்டுவார்கள், குழாய் எடுத்ததும் அவிழ்த்துவிடுவார்கள். குழாய் இருக்கும்வரை பேச முடியாது. கண் சிமிட்டல், தலையசைப்பு என்று ஏதாவது ஒரு சைகையை வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

எனக்கு இனிப்புநீரே கிடையாது. இன்சுலின் போட்டாங்களே, இனி ஆயுசுக்கும் ஊசியா?

இல்லை. பெரிய ஆபரேஷனில் உடம்பு தானாகவே சர்க்கரையை ஏற்றும். அது 10-க்கு (mmol/L) மேல் போனால் நெஞ்சுக் காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதைத் தடுக்கத்தான் அந்த இன்சுலின். பெரும்பாலோருக்குச் சில நாளில் நின்றுவிடும்.

அம்மா சுவத்துல யாரோ நிக்கிறாங்கன்னு சொல்றாங்க. எங்களையே திட்டுறாங்க. ஏதாவது பிடிச்சிருச்சா?

வயதானவர்களுக்கு இருதய ஆபரேஷனுக்குப் பிறகு மூளை சில நாள் குழம்புவது அடிக்கடி நடக்கும். தூக்கமின்மை, வலி மருந்து, காய்ச்சல், உப்புச் சத்து மாற்றம், ராத்திரியா பகலா என்று தெரியாத ஐ.சி.யு. விளக்குகள் எல்லாம் சேர்ந்து செய்வது. பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. முன்பு சொன்ன குடி விஷயமும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

நான் வேலை செய்த காலத்தில் பால்மரம் சீவிய பாட்டி ஒருவர் நடுராத்திரியில் எழுந்து, “மணி நாலாச்சு, பெரட்டுக்குப் போகணும், வாளி எங்கே?” என்று, தோட்டத்துக் காலை ஆளெடுப்புக்கு நேரமாகிவிட்டதாக நினைத்துக் குழாய்களை இழுத்தார். அன்று அங்கே இருந்தவர்கள் மலாயில் சமாதானம் சொல்லச் சொல்ல அவர் இன்னும் மிரண்டார். நான் போய்க் கையைப் பிடித்து, “பாட்டி, இது ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. உங்க மகன் காலையில வருவார்” என்று தமிழில் மெதுவாகச் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் படுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எழுந்தார், மறுபடி சொன்னேன். நான்காம் நாள் தெளிந்துவிட்டார்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். கண்ணாடி, காதுக் கருவி, பல் செட் ஆகியவற்றைக் குழாய் எடுத்ததும் கொண்டுபோய்க் கொடுங்கள். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள். வாதாட வேண்டாம். மிஸ்ஸியிடம் கேட்டுவிட்டு நெற்றியில் விபூதி பூசலாம், காயத்தின் அருகில் மட்டும் வேண்டாம். திடீரென ஒரு பக்கம் கை கால் தளர்ந்தாலோ வாய் கோணினாலோ அது வேறு, உடனே சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வலி தாங்க முடியலைன்னா பொன்ஸ்தான் வாங்கிப் போடலாமா?

கூடவே கூடாது. பொன்ஸ்தான், வோல்தாரென், புருஃபென் வகை மாத்திரைகள் பைபாஸுக்குப் பிறகு மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பனடோலும் (பாராசிட்டமால்) டாக்டர் எழுதிக் கொடுத்ததும் போதும்.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுக்காதீர்கள். வலியில் ஆழமாக மூச்சு விட முடியாது, சளி தங்கும், நிமோனியா வரும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். மூன்று பந்து இருக்கும் பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள். அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். நம் ஆட்கள் பாதிப் பேர் ஊதுகிறார்கள்.

மூணாம் நாள் நெஞ்சு தாறுமாறா அடிச்சுது. ஆபரேஷன் தோத்துப் போச்சா?

இல்லை. ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்கு இப்படித் துடிப்பு தாறுமாறாகிறது, பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். மருந்தில் அடங்கும். பீட்டா பிளாக்கரை நிறுத்தாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பத்தியம் என்ன? மீன், முட்டை எல்லாம் சீழ் பிடிக்குமாமே?

அது தவறு. எலும்பும் தோலும் ஒன்று சேர மாவுச் சத்தை விடப் புரதம்தான் வேண்டும். ஹாருவான், அதாவது நம் விரால் மீன், நல்ல சாப்பாடு. சைவக்காரர்களுக்குப் பருப்பு, தௌஃபூ, தெம்பே. வெறும் கஞ்சியும் ரசமுமாக ஒரு மாதம் கிடந்து காயம் ஆறாமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உப்பை மட்டும் குறையுங்கள், கருவாடும் ஊறுகாயும் சில மாதம் காத்திருக்கட்டும். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையை விட வேண்டாம், வாராவாரம் ஒரே அளவில் சாப்பிடுங்கள்.

எப்போ வேலைக்குப் போகலாம்? மோட்டார் ஓட்டலாமா?

நெஞ்செலும்பு ஒன்று சேர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை அரிசி மூட்டை, கேஸ் தோம்பு, பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. கார் ஆறு வாரத்துக்குப் பிறகு, டாக்டர் சரி சொன்னால். மோட்டாருக்கு அதை விடக் கூடுதலாகக் காத்திருங்கள். தோட்டத்துச் சாலைப் பள்ளத்தில் ஒரு குலுக்கல் போதும். செம்பனைக் குலை வெட்டுபவர் நீண்ட கழியைத் தலைக்கு மேல் தூக்கி இழுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்து அதை நினைக்க வேண்டாம். வருமானம் நிற்குமே என்றால் ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவமனையின் சமூகப் பணி அதிகாரியையும், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவையும் பாருங்கள்.

அசையும்போது நெஞ்செலும்பில் ‘டக்’ என்று சத்தம், காயத்தில் சீழ், இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடிக் கால் வீக்கம் என்றால் அடுத்த அப்பாயின்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறினால் 999.

காய்ச்சல் வந்தா ரெண்டு நாள் பார்க்கலாம்தானே?

நம் ஊரில் முடியாது. டெங்கியில் ரத்தத் தட்டுகள் இறங்கும். ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுபவருக்கு அப்போது உள்ளே ரத்தம் கசியலாம். அன்றே கிளினிக் போய், “இருதய ஆபரேஷன் ஆனவர், இந்த மாத்திரை சாப்பிடுகிறார்” என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். வால்வு வைத்தவர் என்றால் வால்வில் கிருமி தொற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மிச்சம் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கை வீட்டில் போட்டால் ரத்தச் சோதனையில் அந்தக் கிருமி தெரியாமல் போய்விடும்.

பல் பிடுங்கணும், இல்ல வேற சின்ன ஆபரேஷன்னா?

முதலில் எல்லாவற்றையும் சொல்லுங்கள். செயற்கை வால்வு இருந்தால் பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாட்டிக் வேண்டும். பைபாஸ் மட்டும் செய்தவருக்கு வழக்கமாகத் தேவையில்லை. வார்ஃபரினை நீங்களாக நிறுத்திவிட்டுப் பல் டாக்டரிடம் போகாதீர்கள், உலோக வால்வில் ரத்தம் உறைந்துவிடும்.

நேர்த்திக்கடன் இருக்கு. அடுத்த தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கலாமா?

உயிர் பிழைத்து வந்தவருக்கு முருகன் முன்னால் நிற்க வேண்டும் என்று தோன்றுவது எனக்கு நன்றாகத் தெரியும். என் அண்ணனுக்கு வால்வு மாற்றியபோது நானும் நேர்ந்துகொண்டேன்.

ஆனால் வால்வு வைத்தவர் அலகு குத்தக் கூடாது. தோலைத் துளைக்கும் இடத்தில் நுழையும் கிருமி ரத்தத்தில் போய் வால்வில் உட்காரும், அதைக் குணப்படுத்த மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம். வார்ஃபரின் சாப்பிட்டால் ரத்தமும் நிற்காது. பைபாஸ் ஆனவருக்கு வால்வு ஆபத்து இல்லை, ஆனால் தோளில் காவடியின் பாரம் எலும்பு கூடும்வரை ஆகாது. இனிப்புநீர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு விரதம் இருப்பதை முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் தாண்டி, டாக்டர் பார்த்துச் சரி என்றால், சிறிய பால்குடம் எடுக்கலாம். பத்துமலையின் 272 படிகளை ஒரே மூச்சில் ஏறாமல் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். என் அண்ணன் ஈப்போ குனோங் சீரோ முருகன் கோயிலுக்கு ஒரு சின்னச் சொம்பில் பால் கொண்டு போனார். பாதி வழியில் சொம்பை நான் வாங்கிக்கொண்டேன்.